கம்பத்திலிருந்து இருபது மீட்டர்

கடல் எங்கே இருக்கிறது என்பதை அரசாங்கம் முறைப்படி அறிந்துகொள்ளும் பொருட்டு, சலேத்மாதாபுரம் கடற்கரையில் ஓர் இரும்புக் கம்பம் நடப்பட்டது. நட்டவள் ஜெயபிரியா. ஆறு கொண்டுவரும் மண்ணைக் கடலோட்டம் எங்கே இழுத்துப் போகிறது என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்க வந்த பிள்ளை. மாதம் ஒருமுறை கம்பத்திலிருந்து தண்ணீர்வரை நாடா பிடித்து அளக்க வேண்டும். முப்பத்தாறு மாத அளவு சேர்ந்தால் பட்டம். நாடாவின் மறுமுனையைப் பிடிப்பவர் பர்னபாஸ். கரையில் முதல் வீடு அவருடையது.

முதல் மாதம் இருபது மீட்டர். அடுத்த மாதம் பதினெட்டு. மூன்றாம் மாதம் பதினைந்து.

"அண்ணாச்சி, ஆறு முன்ன மாதிரி மண்ணு கொண்டுவரல. கடல் கரையை அள்ளுது. கல்லு போடலன்னா உங்க வீடு தப்பாது."

"இதத்தான் பத்து வருசமா நான் வாயால சொல்லுதேன். நீ கம்பத்த வச்சுச் சொல்லுத. நல்லா அழுத்தி எழுதும்மா."

அழுத்தித்தான் எழுதினாள். கம்பத்தைக் கொடுத்த தூத்துக்குடி அரசு அலுவலகத்தில் பொறியாளர் தளவாய் அறிக்கையைப் படித்துவிட்டு வியர்த்துப்போனார்.

"பதினஞ்சு மீட்டரா? கம்பம் அரசாங்கச் சொத்தும்மா! உப்புத்தண்ணி பட்டுத் துருப்பிடிச்சா ஆடிட்ல நாம்லா பதில் சொல்லணும்? கருவிக்கும் தண்ணிக்கும் இருபது மீட்டர் இடைவெளி இருக்கணும்னு விதி."

"சார், அந்த இடைவெளி குறையுதுங்கிறதுதான் ஆராய்ச்சியே."

"குறையவிடக் கூடாதுங்கிறதுதான் விதியே."

அன்றைக்கே உத்தரவு வந்தது: ஒவ்வோர் அளவீட்டுக்கும் முன்னதாக, மேற்படி கம்பம் உரிய இடைவெளியில் மறுநிலைநிறுத்தம் செய்யப்பட வேண்டியது. அதன்பின் அளவுகள் தங்கமாக அமைந்தன. இருபது, இருபது, இருபது. பழைய இடத்தைக் குறித்துவைக்கலாமா என்று கேட்டாள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றார்கள்.

பன்னிரண்டாம் மாதம் கம்பம் பர்னபாஸின் முற்றத்துக்கு வந்தது. இருபதாம் மாதம் அடுப்படிக்கு.

"மாமா, கருவாட்டுச் சட்டிய எங்க வைக்க?" என்றாள் மருமகள் ஜெர்லின்.

"கம்பத்துல மாட்டு. அரசாங்கம் பாத்துக்கிடும்."

கரையில் கல் போடச் சொல்லி மனு எடுத்துக்கொண்டு பர்னபாஸ் தூத்துக்குடிக்குப் போனார். தளவாய் மனுவையும் அறிக்கையையும் அருகருகே வைத்து நெடுநேரம் யோசித்தார்.

"கடல் இருபது மீட்டர்லயேதான் நிக்கி. அப்ப நகர்ந்தது யாரு? உம்ம வீடு! அனுமதி வாங்காம கடலப் பாத்து நகர்ந்திருக்கு. நோட்டீஸ் வரும், போங்க."

நோட்டீஸ் வந்தது.

ஊராவது ஒத்து நின்றதா? பின்தெரு செந்தூர்பாண்டி, கரையோர மரங்கள் சாய்ந்து திடீரென்று தன் வீட்டு ஜன்னலில் கடல் தெரியவே, 'கடல் பார்த்த அறை' என்று பலகை மாட்டிவிட்டார். சனி, ஞாயிறில் செல்ஃபி எடுக்க ஒரே கூட்டம்.

"கல்லக் கொண்டாந்து கொட்டினா போட்டோல அசிங்கமால்லா விழும், அண்ணாச்சி?" என்று, ஊர் சேர்ந்து எழுதிய அடுத்த மனுவில் கையெழுத்துப் போட மறுத்தார்.

முப்பதாம் மாதம் வீடு போயிற்று. ஜெர்லின் சட்டியை மட்டும் கழற்றிக்கொண்டாள்.

முப்பத்தாறாம் மாதம் இறுதி அறிக்கை எழுத ஜெயபிரியா பேனாவைத் திறந்தபோது பர்னபாஸ் கேட்டார்: "உள்ளத எழுதிருவியாம்மா?"

உள்ளதை எழுதினால் முப்பத்தாறும் செல்லாது, திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அவள் நாடாவைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. 'மிக உறுதியான கரை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

பட்டம் கிடைத்தது. தளவாய்க்குப் பதவி உயர்வு கிடைத்தது. இவ்வளவு உறுதியான கரையைச் சும்மா விடலாமா என்று, புதிய ஆய்வு அலுவலகத்தைச் செந்தூர்பாண்டி வீட்டை ஒட்டியே கட்டினார்கள். ஜெயபிரியா அதிகாரி. வீடிழந்தவர் என்ற முன்னுரிமையில் பர்னபாஸ் கம்பக் காவலர். செந்தூர்பாண்டி திறப்புவிழாவுக்குப் பந்தல் போட்டார்.

எட்டு மாதம் கழித்து, பர்னபாஸ் கம்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு அவள் அறைக்குள் வந்தார். வெளியே அலை படிக்கட்டைத் தட்டிக்கொண்டிருந்தது.

"இந்த மாசம் எங்க நட, மேடம்?"

அவள் கேட்காததுபோல் படிவத்தில் இருபது என்று எழுதிக்கொண்டிருந்தாள். அவர் மேசைக்குப் பின்னால் போய், அவளுடைய நாற்காலியை மரியாதையாக ஓரம் நகர்த்தச் சொல்லி, கம்பத்தை ஊன்றினார்.

"ஆபீசு கடலப் பாத்து நகருது மேடம்," என்றார். "ஒரு நோட்டீஸ் அனுப்பிருங்க."