மேற்படியாரும் அகரவரிசையும்

‘மேற்கோள் நூல்களைக் கட்டுரையின் இறுதியில், ஆசிரியர் பெயரின் அகரவரிசையில் தர வேண்டும். ஐயம் எழுந்தால் பத்திராதிபரின் தீர்ப்பே முடிவானது.’ யுத்தத்துக்கு முன் கல்கத்தாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு விஞ்ஞானப் பத்திரிகையின் பின்னட்டையில் இருந்த விதி இது. இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. இருந்தும் இந்த விதியால் எங்கள் கல்லூரியில் ஒருவருடைய உத்தியோகம் அந்தரத்தில் தொங்கியது. அவர் விதியை மீறியிருந்தால் ஒரு தொல்லையும் வந்திராது. மதித்துத் தொலைத்தார்.

மேற்படியாரைப் போல விதியை மதித்தவர் மதுரையில் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நடுவில் அவர் ஒருவர் இருந்ததே எங்களுக்குத் தாங்கவில்லை.

விலங்கியல் துறையில் அவர் செய்முறை வகுப்பு நடத்தும் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர். நான் கல்லூரி அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. ஒரே நூலை அடுத்தடுத்துச் சுட்டும்போது, இரண்டாம் முறை பெயரை எழுதாமல் ‘மேற்படி’ என்று போடுவார்கள் அல்லவா? அவர் அதைக் கட்டுரையோடு நிறுத்தவில்லை. தல்லாகுளத்துக் காபி கிளப்பில் ஒருநாள் இரண்டு இட்லியும் கெட்டிச் சட்னியும் கேட்டு வாங்கித் தின்றார். தின்று முடித்து, “மேற்படி” என்றார்.

பரிமாறியவர் ஊருக்குப் புதிது. “அது நம்ம கடையில போடுறதில்லை சார். மெதுவடை இருக்கு, கொண்டாரவா?”

அன்றிலிருந்து அந்தப் பெயர்.

ஆதாரம் இல்லாமல் அவரிடம் யாரும் வாய் திறக்க முடியாது. காய்கறிக்காரம்மாகூடத் தப்பவில்லை.

“இப்பத்தான் பறிச்ச கத்திரிக்கா சார்.”

“நீ பறிச்சியா, பறிச்சவங்க சொன்னாங்களா?”

“எங்க வீட்டுக்காரரு பறிச்சாரு.”

“அப்ப ‘வீட்டுக்காரர் கூற்றுப்படி’ன்னு சேத்துச் சொல்லு.”

“சேத்துச் சொன்னா, சேத்து வாங்குவீகளா?”

கீழக்குயில்குடிச் சமணர் மலையில், பாறைக் குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கும். அதில் நகத்தளவு இறால் ஒன்று, கண்ணாடிபோல், மல்லாந்தபடியே நீந்தும். குழி காய்ந்தால் காணாமல் போகும். மழை பெய்தால் மறுபடி தலைகாட்டும். தற்காலிக உத்தியோகஸ்தருக்குப் பொருத்தமான பிராணி. மழை பெய்த மறுநாளெல்லாம் மேற்படியார் சைக்கிளில் அங்கே போய்க் குந்திவிடுவார். அப்படிக் குந்திக் குந்தியே அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவிட்டார்.

கல்லூரிக் கமிட்டி ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது: தீபாவளி விடுமுறைக்குள் ஏதாவதொரு பத்திரிகை அவருடைய கட்டுரையை ஏற்றுக்கொண்டால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீடு.

தட்டச்சு செய்தவன் நான். கட்டுரையைவிட நூற்பட்டியல்தான் உயிரை வாங்கியது. பத்திரிகைப் பெயரைச் சுருக்கி ஒரு புள்ளி, தொகுதி எண்ணுக்கு அடியில் நெளிகோடு, இறாலின் லத்தீன் பெயருக்கு அடியில் நேர்கோடு. ஓரிடத்தில் புள்ளி விட்டுப்போயிற்று. பக்கம் முழுவதையும் திரும்ப அடிக்கச் சொன்னார்.

“மையால ஒரு புள்ளி வச்சுக்கிட்டா என்னய்யா?” என்றேன்.

“அது கைப்புள்ளி அண்ணே. மத்ததெல்லாம் மெஷின் புள்ளி. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உக்காருமா?”

கட்டுரையைத் துறைத் தலைவர் கையெழுத்தோடுதான் அனுப்ப வேண்டும். பெரிய படிப்பாளிகள் எல்லோரையும்போல அவரும் கட்டுரையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவர். தம் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு படிப்பு முடிந்துவிடும். பெயர் இருந்தது. எல்லோருக்கும் கீழே இருந்தது. ஆங்கிலத்தில் அவர் பெயர் ‘ஒய்’ எழுத்தில் தொடங்கும்.

“என்னய்யா இது? ஜெர்மன்காரன் மேல இருக்கான். நேத்துப் பாஸ் பண்ண மெட்ராஸ் பய மேல இருக்கான். நான் என்ன, பந்தி முடிஞ்சு எலை எடுக்க வந்தவனா?”

“அகரவரிசை சார்.”

“கோயில்ல பரிவட்டம் அகரவரிசையிலயா கட்டுறாக? முதல் தாம்பூலம் யாருக்குன்னு ஊருக்கே தெரியும். உம்ம பட்டியலுக்கு மட்டும் தெரியாதோ?”

மேற்படியார் உண்மையாகவே யோசித்தார். “கெஜட்டுல விளம்பரம் குடுத்துப் பேரை மாத்திக்கிட்டீங்கன்னா முதல்ல வந்துரலாம் சார்.”

அதில் குறும்பு துளியும் இல்லை. அதனால்தான் அதிகமாகக் குத்தியது. கட்டுரை கையெழுத்தில்லாமல் என் மேசைக்குத் திரும்பியது.

துறைத் தலைவர் உள்ளே ஒரு பக்கம் புரட்டியிருந்தால் கதையே வேறு. மதுரை வட்டாரத்தில் இப்படியொரு இறால் கிடையாது என்பதுதான் அவர் வாழ்நாளில் எழுதிய ஒரே கட்டுரையின் முடிவு. அது தவறு என்று மேற்படியார் தக்க மரியாதையோடு எழுதியிருந்தார். நான் வாய் திறக்கவில்லை. குமாஸ்தாவின் வேலை தட்டச்சு, வியாக்கியானம் அல்ல.

சாயங்காலம் மேற்படியார் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காபியை என் கையில் கொடுத்துவிட்டு, கோபத்தை அவர் பக்கம் திருப்பினார்.

“நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே. அந்தாளு பேரைத் தூக்கி மேல போட்டா மலை இடிஞ்சு விழுந்துருமா? வேலை போச்சுன்னா நாங்க எங்கிட்டுப் போறது?”

“ஒருத்தரை மேல ஏத்தணும்னா மத்தவுக அம்புட்டுப் பேரையும் கீழ இறக்கணும்” என்றார் மேற்படியார். “அவுக எனக்கு என்ன கெடுதல் பண்ணாக?”

“அந்த ஜெர்மன்காரனா வந்து நம்ம அடுப்புல உலை வைக்கப் போறான்?”

இதற்கு அவரிடம் ஆதாரம் இல்லை.

அப்போதுதான் எனக்கு விதியின் பின்பாதி நினைவுக்கு வந்தது. ஐயம் எழுந்தால் பத்திராதிபர் இருக்கிறார். பத்திராதிபரிடமே கேட்டுவிடலாம் என்று மறுநாள் துறைத் தலைவரிடம் சொன்னேன். அவருக்குப் பரம சந்தோஷம். “எழுதச் சொல்லும்! நம்ம ஊரு மொறை என்னன்னு கல்கத்தாக்காரனுக்கும் தெரியட்டும்!”

மேற்படியார் எழுதினார். மூத்தவருக்கு முதலிடம் என்பது இவ்வூர் வழக்கம் என்று ஒரு வாக்கியம். அதற்கு அடியில் ஒரு குறிப்பு: ‘ஆதாரம்: துறைத் தலைவர், நேர்ப்பேச்சு, ஆசிரியர் அறை, மாலைத் தேநீருக்குப் பின்.’ தம் பெயரைக் கண்ட துறைத் தலைவர் மகிழ்ந்து, கடிதத்திலும் கட்டுரையிலும் கையெழுத்திட்டார். கட்டுரையும் கூடவே போயிற்று.

பிறகு காத்திருப்பு. தினமும் காலையில் வந்து, “தபால் உண்டாண்ணே?” என்பார். முதல் நாள் “இல்லை” என்றேன். அப்புறம் அவர் கேட்பதை நிறுத்திப் புருவத்தை மட்டும் தூக்கினார். நானும் “மேற்படி” என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஆயுதபூஜையும் போயிற்று. கமிட்டி கூடும் நாளும் வந்தது; அதுதான் தீபாவளி விடுமுறைக்கு முந்தின கடைசி வேலைநாள். முந்தின இரவு நல்ல மழை. மேற்படியார் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மலைக்குப் போய்விட்டார்.

மத்தியானத் தபாலில் பதில் இருந்தது. அகரவரிசையே நிலைக்கும். மதுரை வழக்கம் சுவையானது. ஆனால் அச்சேறாத வாய்மொழியை ஆதாரமாகக் கொள்வதற்கில்லை. கட்டுரை ஏற்கப்பட்டது.

கமிட்டி அறைக்குள் கொண்டுபோய் நீட்டினேன். துறைத் தலைவர் இரண்டு முறை படித்தார்.

“எம் பேரு பட்டியல்ல இருக்குல்ல?”

“இருக்கு சார்.”

“அச்சுல வருமில்ல?”

“வரும் சார்.”

“அப்ப நிரந்தரம் பண்ணிருவோம். பாவம், பிள்ளைகுட்டிக்காரன்.”

(அச்சில் வந்ததும் பிரதிகள் வரவழைத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார். அவர்களும் கடைசிப் பக்கத்தைத்தான் பார்த்தார்கள்.)

நான் வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு கீழக்குயில்குடிக்கு மிதித்தேன். பாறையேறி மூச்சு வாங்கச் செய்தியைச் சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “செத்த உக்காருங்கண்ணே, வெளிச்சத்தை மறைக்காம” என்றார். இருவரும் இறாலைப் பார்த்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம்.

லீவு எழுதிக் கொடுக்காமல், ஒருவரிடமும் சொல்லாமல், அலுவலக நேரத்தில் நான் நாற்காலியை விட்டுப் போனது என் உத்தியோகத்திலேயே அந்த ஒரு தடவைதான்.