அம்மா கர்ப்பமாயிருந்த மூன்று வாரம்

ஒரு பிள்ளை உண்டாகிப் பிறக்கப் பத்து மாதம் ஆகிறது. ஓர் அசட்டு யோசனை உண்டாகிப் பிறக்க அரை நிமிஷம் போதும். இரண்டாவது வகையில் எனக்குக் கைராசி அதிகம். அப்படிப் பிறந்த ஒரு யோசனையால்தான் என் அம்மா தன் நாற்பத்திரண்டாம் வயதில், தனக்கே தெரியாமல், மூன்று வாரம் கர்ப்பமாயிருந்தாள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஆம்பூரில் மிஷன் டிஸ்பென்சரிக்குப் புதிதாக வந்திருந்த வெள்ளைக்கார டாக்டரம்மாவுக்குத் தமிழ் கற்பிக்கும் முன்ஷி வேலை. அப்பா தோல் ஷெட்டில் மேஸ்திரி. அவர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே தோல் பதனிடும் ஆவாரம்பட்டை வாசனை நுழைந்துவிடும். நான் ஒரே பிள்ளை. திமிரியில் கனகா என்ற பெண்ணைப் பார்த்து வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. வைகாசியில் கல்யாணம். வெள்ளைக்காரரிடம் வேலை என்பதுதான் மாப்பிள்ளையிடம் இருந்த ஒரே அழகு.

நிகண்டை மனப்பாடம் செய்தவன் என்ற கர்வம் எனக்கு. பெண்கள் கருத்தரிப்பதைச் சொல்லப் பதினான்கு சொற்களை எழுதி டாக்டரம்மாவை உருப்போட வைத்திருந்தேன். ஒருநாள் துத்திப்பட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் அவர், "அம்மணி, தாங்கள் கருவுற்றிருக்கின்றீர்களோ?" என்று கேட்டார். அந்தப் பெண் ஜெபம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக் கண்ணை மூடிக் கை கூப்பிக்கொண்டாள். டாக்டரம்மா விடாமல், "சூல் கொண்டனையோ?" என்றார். அவள் தலையில் முக்காட்டையும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, நான் கற்றுக்கொடுத்த தமிழிலேயே திட்டினார். "முன்ஷி, இம்மாத இறுதிக்குள் பெண்டிர் தம்முள் வழங்கும் சொற்களைக் கொணர்க. இல்லையேல் வேறு முன்ஷியைக் காண்பேன்." (உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. அதற்காகவாவது சந்தோஷப்பட்டிருக்கலாம்.)

பேச்சுவழக்குச் சொற்கள் எனக்கு ஒன்றுமே தெரியாது என்றில்லை. பெண்கள் கிசுகிசுத்ததில் ஒன்றிரண்டு காதில் விழுந்ததுண்டு. எதை யாரிடம், எந்த மாதத்தில் சொல்வார்கள் என்பதுதான் தெரியாது. அம்மாவிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அம்மாவிடம் அந்தப் பேச்சை எடுப்பதைவிடப் பாலாற்றில் விழுவது மேல் என்று தோன்றியது. (அந்தச் சித்திரையில் பாலாற்றில் மணல்தான் இருந்தது.) அந்த அரை நிமிஷத்தில்தான் யோசனை பிறந்தது: தெருக்கோடி மருத்துவச்சி முனியம்மாவிடம் கேட்பது. எத்தனையோ பிரசவம் பார்த்தவளுக்குத் தெரியாத வார்த்தையா?

"இன்னா தம்பி, இந்தப் பக்கம்?" என்றாள் முனியம்மா.

"ஒரு சமாசாரம் கேக்கணும். பொம்பளைங்க... அத... வெளிய எப்படிச் சொல்வாங்க?"

"எத?"

வாய் வரவில்லை. வயிற்றுக்கு முன்னால் காற்றில் ஓர் அரைவட்டம் போட்டுக் காட்டினேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "யாருக்குப்பா?"

"அதச் சொல்ல முடியாது."

"கல்யாணம் ஆனவங்கதானே?"

எந்தக் கன்னிப்பெண் மேலும் சந்தேகம் விழக்கூடாதே என்று, "ஆமா ஆமா, ஆயி ரொம்ப வருஷம் ஆச்சு" என்றேன்.

"வயசு?"

"கொஞ்சம் ஜாஸ்திதான்."

முனியம்மா மோவாயில் கை வைத்தாள். "அதான் உங்க அம்மா முந்தாநேத்து ஒரு கூடை மாங்கா வாங்கினாங்களா!"

"அது ஊறுகாய்க்கு" என்றேன், பேச்சு எங்கேயோ போகிறதே என்று நினைத்தபடி.

"ஊறுகாய்க்குத்தான், ஊறுகாய்க்குத்தான்" என்று சிரித்தாள். "நீ போ தம்பி. பாவம், வெக்கப்பட்டு புள்ளைய அனுப்பியிருக்காங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

நோட்டில் ஒரு வார்த்தைகூட ஏறாமல் வீடு திரும்பினேன். அவள் ஏன் அம்மாவை இழுத்தாள் என்று யோசிக்கக்கூட இல்லை. பண்டிதனுக்கு அவ்வளவுதான் புத்தி.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் விருந்து. பக்கத்து வீட்டுப் பாத்திமா பீ ஒரு கிண்ணம் சேமியாப் பாயசத்தோடு வந்தார். "நல்லா சாப்புடுங்க. காரம் கம்மி பண்ணுங்க. பாரம் தூக்காதீங்க" என்றார். கிணற்றடியில் அம்மா கையிலிருந்து குடத்தைப் பிடுங்கி ஆளுக்கு ஆள் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். புளியோதரை வந்தது, நெல்லிக்காய் வந்தது. மகன் கல்யாணம் வருகிறது, அதனால்தான் இத்தனை பிரியம் என்று அம்மா பூரித்துப்போனாள். ஷெட்டில் அப்பாவின் முதுகில் தட்டி, "கில்லாடி மேஸ்திரி நீ!" என்றார்களாம். எதற்கு என்று கேட்காமலே அப்பா எல்லோருக்கும் சுண்டல் வாங்கிக் கொடுத்தார். நானும் பாயசத்தை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்றாம் வாரம் திமிரியிலிருந்து கனகாவின் அப்பாவும் அத்தையும் வந்து இறங்கினார்கள். அம்மா மோர் எடுத்துவந்தாள். அவர்கள் டம்ளரைத் தொடவில்லை.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தச் சம்பந்தம் வேணாம்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம்" என்றார் கனகாவின் அப்பா.

அப்பா திகைத்தார். அத்தை சுற்றிவளைக்கவில்லை. "எங்க பொண்ணு வந்ததும் வராததுமா மாமியாருக்குப் பிரசவம் பாக்கணுமா? தலைதீவாளிக்கு நாங்க அழைக்க வந்தா, இவ கொழுந்தனுக்குத் தொட்டில் ஆட்டிக்கினு நிப்பாளா?"

"யாருக்குப் பிரசவம்?" என்றாள் அம்மா.

"உங்களுக்குத்தான். ஆம்பூரே சொல்லுதே!"

அப்பா மெதுவாக அம்மா பக்கம் திரும்பினார். "ஏண்டி, எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"எனக்கே யாரும் சொல்லலியே!" என்று கத்திவிட்டு, அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கிணற்றடியில் குடத்தைப் பிடுங்கியது எதற்கென்று அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். எனக்கும் அப்போதுதான் முனியம்மாவின் சிரிப்பு விளங்கியது. அம்மா அழுததைப் பார்த்தபோது செத்துவிடலாம் போலிருந்தது.

நடந்ததையெல்லாம் சொன்னேன். கனகாவின் அப்பா நம்பவில்லை. "வார்த்தை கேக்க மருத்துவச்சி வீட்டுக்குப் போனாராம்! எவனாவது போவானா?"

வேறு வழியில்லாமல் நோட்டை எடுத்துவந்து, வருங்கால மாமனாரின் முன்னால் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாசித்தேன். "கருத்தரித்தல். கருவுறுதல். சூல்கொள்ளல். சூலுறல். கருப்பமுறல்..."

ஐந்தாவதில் அத்தையின் தோள் குலுங்கியது. எட்டாவதில் வெடித்துச் சிரித்துவிட்டாள். "நிறுத்துங்க மாப்பிள்ள! இதக் கேட்டா ஆறு மாசத்துப் புள்ள அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துடும்!"

'மாப்பிள்ள' என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "எழுதுடா, அறிவுகெட்டவனே. 'நாள் தள்ளிப் போச்சு'ன்னு மொதல்ல புருஷங்கிட்ட சொல்றது."

"'முழுகாம இருக்கா'ன்னு மாமியாருங்க பேசிக்கறது" என்றாள் அத்தை. "'உண்டாயிருக்கா', 'மாசமா இருக்கா', இதெல்லாம் ஊருக்கு."

"'வாயும் வயிறுமா இருக்கறவ'ன்னா?" என்றேன்.

"அது சண்டையில சொல்றது. அடிக்க வர்றவன் கை நிக்கும்" என்றாள் அம்மா.

நிகண்டு முழுதும் தேடியும் கிடைக்காதது பத்தே நிமிஷத்தில் கிடைத்தது. ஆண்கள் இருவரும் வெற்றிலை போடுகிற சாக்கில் வாசலுக்கு நழுவிவிட்டார்கள்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. பட்டியலைப் பார்த்து டாக்டரம்மா மிகவும் மகிழ்ந்தார். ஊரில் இந்த வார்த்தைகள் எல்லாம் தெரிந்தவர் யார் என்று விசாரித்தார். அடுத்த மாதம் முனியம்மா அவருக்குத் தமிழ் கற்பிக்கப் போனாள், நான் அப்பாவோடு தோல் ஷெட்டுக்குப் போனேன்.

கனகா முதல் பிள்ளை உண்டானபோது அம்மாவுக்குச் சொன்னாள், பாத்திமா பீக்குச் சொன்னாள், திமிரிக்கு ஆள் அனுப்பினாள். வளைகாப்புக்கு வளையல்காரர் வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. "எங்கிட்ட சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன்.

"உங்ககிட்ட சொல்லியிருந்தா, எங்க திமிரி அத்தைக்குன்னு ஊரெல்லாம் ஆயிருக்கும்" என்றாள்.

அது இந்த வீட்டில் சட்டமாகிவிட்டது. எனக்கு நான்கு பிள்ளைகள், ஒன்பது பேரக்குழந்தைகள். அத்தனை பேரும் வரப்போவதை ஊர் தெரிந்துகொண்ட பிறகே நான் தெரிந்துகொண்டேன். போன மாதம் மூத்த பேத்தியிடமிருந்து கடிதம் வந்தது. கனகா படித்தாள், முகம் மலர்ந்தாள், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்ன விசேஷம்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. அங்க நல்ல மழையாம்" என்றாள்.