அசல் மான்செஸ்டரில் ஒரு கோட்டு சூட்டு

வளைகுடாவில் இருபது வருடம் குப்பை கொட்டியவனுக்கு ஒரு வியாதி வரும். உலகமே ஷார்ஜா நேரப்படிதான் நடக்கிறது என்று நம்ப ஆரம்பித்துவிடுவான். எனக்கு அது முற்றிப்போயிருந்தது. போதாக்குறைக்கு நான் கட்டுமானக் கம்பெனியில் பிளானிங் இன்ஜினியர். எந்த வேலையை எப்போது தொடங்கி எப்போது முடிக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் அட்டவணை போட்டுக் கொடுப்பவன்.

மகள் ப்ரீத்திக்கு மான்செஸ்டரில் பட்டமளிப்பு விழா, ஜூலை மாதம், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு. போனில் அவள் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான்.

"அப்பா, ப்ளீஸ்ப்பா. கோட்டு சூட்டு போட்டு வாங்க. எங்க புரொபசர் உங்களை மீட் பண்ணணும்னு சொல்லியிருக்காங்க. அந்த ஒரு நாள் மட்டும்ப்பா."

"அசத்திப் போடலாம் அம்மிணி" என்றேன்.

ஷார்ஜா முவைலாவில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழேயே துணிக்கடை இருக்கிறது. "ஏனுங்க, இங்கயே ஒண்ணு எடுத்துட்டுப் போயிறலாமுங்க" என்று மனைவி சுகந்தி படித்துப் படித்துச் சொன்னாள். நான் கேட்பேனா? கோயம்புத்தூர்க்காரன் நான். எங்கள் ஊரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பார்கள். நகலில் பிறந்தவன் அசல் ஊருக்கு ஷார்ஜா சூட்டைத் தூக்கிக்கொண்டு போனால் மானம் போகாதா?

அட்டவணை தயாரானது. ஞாயிறு மதியம் ஓய்வு. மாலை ஷாப்பிங். இரவு நைட் லைஃப். திங்கள் விழா முடிந்ததும் கலாச்சாரம், ஒன்றரை மணி நேரம். (நைட் லைஃப் என்றதும் தப்பாக நினைக்காதீர்கள். குடும்பத்தோடு ராத்திரி பத்து மணிக்கு ஹைப்பர் மார்க்கெட்டில் டிராலி தள்ளுவதற்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர்.) வாங்கி நிரப்புவதற்காகப் பெட்டிகளைக் காலியாகவே எடுத்துக்கொண்டேன். உடம்பில் அரைக்கால் டவுசர், காலில் ரப்பர் செருப்பு, மேலே 'பாதுகாப்பே முதன்மை' என்று எழுதிய கம்பெனி பனியன். சுகந்தி மட்டும் எனக்குத் தெரியாமல் கைப்பையில் ஒரு பட்டுப்புடவையைத் திணித்திருந்தாள்.

ஞாயிறு இரண்டு மணிக்கு ஊருக்குள் போய்ச் சேர்ந்தோம். தெருவெல்லாம் கடை, கடையெல்லாம் கூட்டம்.

"இப்பவே எடுத்துறலாமுங்க."

"மத்தியானத்துல எவன் கடை தொறந்து வெப்பான் புள்ள?"

"தொறந்துதானுங்க இருக்குது!"

"இப்ப மூடிருவான் பாரு. சாயங்காலந்தான் யாவாரமே சூடு பிடிக்கும்."

ஷார்ஜாவில் எங்கள் தெருக் கடைகள் ஒரு மணிக்கு மூடி நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த ஞானத்தோடு ஹோட்டலில் படுத்தேன். ப்ரீத்தி பட்டமளிப்பு அங்கி வாங்கப் போயிருந்ததால் என்னைத் தடுக்க ஆளில்லை.

ஏழரைக்கு எழுந்தால் வெளியே பளீரென்று வெயில். "பாத்தியா, எவ்வளவு டைம் இருக்குது!" என்று சுகந்தியிடம் பெருமையடித்துக்கொண்டே இறங்கினேன். ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கே எல்லாரும் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். வெயில் அடிக்கும்போது கடையடைக்கிற ஊரை அன்றுதான் பார்த்தேன். நான் நினைத்திருந்த அதே கறுப்பு சூட்டைக் கண்ணாடிக்குள் ஒரு பொம்மை போட்டுக்கொண்டு என்னையே பார்த்தது. அந்தப் பொம்மை மேல் எனக்கு வந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல.

திறந்திருந்தவை சாப்பாட்டுக் கடைகளும் மதுக்கூடங்களும்தான். ஒரு மதுக்கூட வாசலில் மலை மாதிரி நின்ற காவலாளியிடம், நம்ம பக்கத்து முகமாக இருக்கிறதே என்று, "பாய், சூட் கா துகான் கிதர் ஹை?" என்று இந்தியில் சூட்டுக் கடைக்கு வழி கேட்டேன். அவன் என் செருப்பைப் பார்த்து, இதோடு உள்ளே வர முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னான். (குடிப்பழக்கமே இல்லாத என்னை வரிசையில் நின்றவர்கள் பார்த்த பார்வை இருக்கிறதே!) கடைகள் காலை பத்து மணிக்குத் திறக்கும் என்றும் சேர்த்துச் சொன்னான். விழா ஒன்பதுக்கு. கலாஸ், கதை முடிந்தது.

போன் போட்டதும் ஓடி வந்த ப்ரீத்தி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். திட்டியிருந்தாலாவது தேவலை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தான் படித்துக்கொண்டே பகுதிநேரம் வேலை பார்த்த இந்திய உணவகத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே மேனேஜராக இருந்த நாகர்கோவில்காரர் பரிமாறுகிறவர்களின் சீருடை ஒன்றை எடுத்து நீட்டினார். கறுப்பு பேன்ட், கறுப்பு கோட்டு, கழுத்துக்கு ஒரு பட்டாம்பூச்சி டை, கூடவே ஒரு ஜோடி ஷூ. கோட்டின் மார்புப் பையில் பொன் நூலில் உணவகத்தின் பெயர்.

"பேர மட்டும் கையால மறைச்சுக்கிடுங்க அண்ணாச்சி. ஒரு பயலுக்கும் தெரியாது" என்றார்.

மறைத்தேன். விழா முழுக்க வலது கை நெஞ்சிலேயே இருந்தது. பக்கத்து இருக்கைப் பெண்மணி பயந்துபோய், ஆம்புலன்ஸ் கூப்பிடவா என்று கேட்டார். ஆனால் ப்ரீத்தி பேரைக் கூப்பிட, அவள் மேடையேறியதும் நெஞ்சாவது பையாவது! இரண்டு கையாலும் தட்டினேன். அழுதுகொண்டே தட்டினேன். அதற்கப்புறம் மறைக்க வேண்டுமென்ற நினைப்பே வரவில்லை.

வெளியே தோட்டத்தில் தேநீர் விருந்து. நரைத்த தலையோடு ஓர் அம்மையார் என் பையைப் படித்துவிட்டு, காலிக் கோப்பையைக் கையில் கொடுத்து, இன்னொரு டீ கிடைக்குமா என்று அன்பாகக் கேட்டார். மறுக்க வாய் வரவில்லை. கொண்டுவந்தேன். அதைப் பார்த்து நாலு பேர் கை தூக்கினார்கள். யார் வைத்ததோ, ஒரு தட்டும் கைக்கு வந்து சேர்ந்தது. மூன்றாவது சுற்றில் இருந்தபோது ப்ரீத்தி அதே அம்மையாரை அழைத்துக்கொண்டு எதிரே வந்தாள். அவர்தான் புரொபசர்.

பூமி பிளக்கக் கூடாதா என்றிருந்தது. மகள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளில் கை போட்டு, "மேம், திஸ் இஸ் மை டாட்" என்றாள். குரலில் துளி வெட்கம் இல்லை. புரொபசர் முகம்தான் தக்காளியாகச் சிவந்தது. பேச்சை மாற்ற அவசரமாக, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றார்.

"பிளானிங், மேடம். எதை எத்தனை மணிக்குச் செய்ய வேண்டும் என்று திட்டம் போடுவது" என்றேன். பின்னால் சுகந்திக்குப் புரையேறி, ப்ரீத்தி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து முவைலா வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் டீ கொடுப்பது என் டூட்டி. "கூச்சப்படாதீங்க, அவரு இங்கிலாந்துல ட்ரெய்னிங் எடுத்தவரு" என்று சுகந்தி அறிமுகப்படுத்துவாள். நான் மறுப்பதில்லை. புரொபசருக்கே டீ கொடுத்த கை இது. சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.