கதிரை மட்டும் விழுந்த படம்

அரைகுறையாகப் படித்தவனுக்கு வருகிற தைரியம் முழுதாகப் படித்தவனுக்கு வராது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் அந்த ரகம். டின்னில் கமரா செய்யும் முறையை ஒரு சஞ்சிகையில் பாதி படித்துவிட்டு, மருதமுனையில் எங்கள் வீட்டு விஞ்ஞானியாக உலாவிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம்தான் என் அக்கா ராத்தாவுக்குச் சாய்ந்தமருதில் மாப்பிள்ளை பேசினார்கள். வாப்பாவுக்குப் பிடித்துவிட்டது. ராத்தா என்னை அடுப்படியில் மறித்தாள்.

"முகத்தப் பாக்காம நான் ஓம் எண்டு சொல்லமாட்டன். வெள்ளிக்கிழம வாப்பா முடிவு கேப்பாரு. நீதான்டா ஏதாச்சும் செய்யணும்."

மாப்பிள்ளையின் தகப்பனார் படம் பிடிப்பதே ஹராம் என்பவர். ஸ்டூடியோ சரிவராது. ஆனால் பிஸ்கட் டின்னைக் கண்டு யார் கமரா என்று நினைப்பார்கள்? (அதைக் கமரா என்று நினைத்தவன் ஊரிலேயே நான் ஒருவன்தான்.) உள்ளே கரி பூசி, ஊசியால் துளை போட்டேன். கல்முனை ஸ்டூடியோக்காரர் என் கெஞ்சல் தாங்காமல் ஒரேயொரு படத்தாளை இருட்டறையில் டின்னுக்குள் வைத்து மூடித் தந்தார்.

மாப்பிள்ளை தங்கமான மனிதர். டின்னோடு சாய்ந்தமருதுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் வெட்கப்பட்டுக்கொண்டே வெள்ளைச் சேட்டு போட்டு, தன் வீட்டு வாசலில் ஒரு மரக் கதிரையைப் போட்டு அதில் வந்து இருந்தார்.

"அசையப்படாது மச்சான். வெளிச்சம் கொஞ்சங் கொஞ்சமாத்தான் உள்ள போகும்."

"ஓம் தம்பி, மூச்சும் விடமாட்டன்."

துளையைத் திறந்தேன். பள்ளிவாசலில் பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. அந்த வீடு பள்ளிக்குப் போகும் பாதையில் இருப்பதை என் விஞ்ஞான மூளை யோசிக்கவேயில்லை.

முதலில் அவருடைய பெரிய வாப்பா ஸலாம் சொல்லிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை எழும்பிப் பதில் சொல்லிவிட்டு மறுபடி கதிரையில் இருந்தார். அடுத்து பள்ளிவாசல் நிர்வாகி மரைக்கார். எழும்பினார். பிறகு மாமாமார், அண்ணன் முறையான மீன்காரக் காக்கா என்று வரிசையாக வந்தார்கள்.

"மச்சான், இரிங்களேன்!" என்று பல்லைக் கடித்தேன்.

"எப்பிடித் தம்பி, மூத்தாக்கள் வரக்குள்ள?"

ஒரு பெரியவர் என்னிடமே வந்துவிட்டார். "டின்னுக்குள்ள என்ன மனே?"

"பிஸ்கட்."

"அப்ப ஒண்டு தாவன்." கையை நீட்டினார். திறந்தால் படம் போச்சு.

"முடிஞ்சிட்டு" என்றேன். வெறும் டின்னுக்குக் காவல் இருக்கும் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் தொழுகைக்கு நேரமாச்சு என்று மாப்பிள்ளையும் எழும்பிப் போய்விட்டார்.

ஸ்டூடியோக்காரர் படத்தைக் கழுவித் தந்தார். அதில் கதிரை அற்புதமாக விழுந்திருந்தது. மாப்பிள்ளை இருந்த இடத்தில் லேசாக ஒரு புகை.

ராத்தாவுக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கு என்ன, கதிரையயாடா பேசியிருக்காங்க?"

நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அவள் கண்ணைத் துடைத்தாள்.

"எல்லாருக்கும் எழும்பினாரா?"

"மீன்காரக் காக்காவுக்கும் எழும்பினார் ராத்தா."

படத்தை மறுபடி எடுத்து, அந்தப் புகையை விரலால் தடவினாள். பிறகு சொன்னாள்: "அப்ப வாப்பாட்டப் போய் ஓம் எண்டு சொல்லு."

எங்கள் ஊர் வழக்கப்படி மச்சான் பெண்வீட்டுக்கே குடிவந்தார். வாப்பா அவருக்கென்று ஒரு சாய்மனைக் கதிரை செய்து போட்டார். அன்றைக்கு அதில் இருந்தவர்தான், பிறகு எழும்பவேயில்லை. பேரப்பிள்ளைகள் கண்ட பிறகும், வீட்டில் ஏதாவது வேலை என்றால் ராத்தாவின் குரல் தெருவரை கேட்கும்.

"தம்பி, அந்த டின்னக் கொண்டாடா! இப்ப புடி, மனிசன் நல்லா விழுவாரு!"