பெண்ணைத் தருகிறேன், காரைத் தரமாட்டேன்

திருகோணமலை,
1957 புரட்டாதி.

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் யோகலிங்கம் அவர்களுக்கு,

கோணேசப் பெருமான் கிருபையால் இங்கே நான், உங்கள் தங்கை கனகம்மா, மகள் புஸ்பராணி, கார் ஆகிய நால்வரும் சுகமாக இருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் நீங்களும் வீட்டாரும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறோம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா என்று கனகம்மா கேட்கச் சொன்னாள்.

நேற்று உங்கள் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளையின் தாயார் சம்பந்தத்துக்கு முழுச் சம்மதம், ஆனால் பேசியபடி காரும் பெண்ணோடு வரவேண்டும் என்கிறார் என எழுதியிருந்தீர்கள். முதல் வரியை வாசித்தபோது எனக்கு வாயெல்லாம் பல். இரண்டாம் வரியில் கதிரையில் போய் இருந்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், மைத்துனர். பெண்ணைத் தருகிறேன். வீட்டைத் தருகிறேன். பாலையூற்றுக் காணியைத் தருகிறேன். கனகம்மாவின் அட்டியலையும் அவளைக் கேட்காமலே தருகிறேன். காரை மட்டும் தரமாட்டேன். அந்த அம்மாவிடம் நீங்கள்தான் பக்குவமாகப் போய்ச் சொல்லவேண்டும்.

"கலியாணத்துக்கெண்டுதானே வாங்கினீங்கள்?" என்று நீங்கள் கேட்பது இங்கே எனக்குக் கேட்கிறது. ஓம், அதற்காகத்தான் வாங்கினேன். "மாப்பிள்ளை பகுதி காரும் எதிர்பார்க்கினம், விலை விழாத காராகப் பாருங்கோ" என்று சித்திரையில் எழுதியது நீங்களேதான். விலை விழாத கார் என்றால் என்ன என்று எனக்கு என்ன தெரியும்? துறைமுகக் களஞ்சியத்தில் கயிறும் ஆணியும் எண்ணிப் பென்சன் எடுத்தவன் நான். வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போகிறது என்றதும் உவர்மலையில் வங்களாவுக்கு வங்களா கார் விற்பனைக்கு நின்றது. அங்கே ஒரு லெப்டினன்ட் துரை, களஞ்சியத்தில் என்னோடு பழகியவர், எனக்கு ஞானம் தந்தார். கார்களில் இரண்டு சாதியாம். ஒன்று ஓட ஓட விலை இறங்கும். மற்றது நிற்க நிற்க விலை ஏறும். ஏறுகிற சாதி குறைவாகச் செய்யப்பட்டிருக்கவேண்டும், இனிமேல் செய்யப்படக்கூடாது, கை மாறியிருக்கக்கூடாது, முக்கியமாகப் பிறந்தபடியே இருக்கவேண்டும். அப்படியொன்றை எடுத்து நாற்பது வருஷம் பொத்தி வைத்தால் சீமான்கள் அதை வாங்க வாசலில் வந்து அடிபடுவார்களாம். கேட்கக் கேட்க எனக்குப் பெரிய தெம்பு வந்தது. இது நாங்கள் சம்பந்தம் பார்க்கிற முறையல்லவா!

அதன்படியே பார்த்தேன். கொமாண்டர் துரையின் ஜாகுவார் நல்ல நீளம், நல்ல நிறம், ஆனால் ஏற்கனவே மூன்று பேரிடம் வாழ்ந்தது. வேண்டாம் என்றேன். அடுத்தது ஒரு ட்ரையம்ப். பார்த்தால் கண் எடுக்கேலாது. ஆனால் கிண்ணியா மாட்டு வண்டிலொன்றோடு மோதி நிமிர்த்தப்பட்டது என்று தோட்டக்காரன் காதுக்குள் சொன்னான். குழம்பிய சம்பந்தம், அதுவும் வேண்டாம். பிறகு ஒரு ஒஸ்ரின். நாலு கதவு, அடக்க ஒடுக்கம், ஒரு குறையும் சொல்லேலாது. ஆனால் அரசாங்கக் கந்தோருக்குக் கந்தோர் அதே கார் நிற்கிறது, அதை வாங்க யார் அடிபடப் போகிறார்கள்? கடைசியில் லெப்டினன்ட் துரை தன் கொட்டிலைத் திறந்து எம்.ஜி.யைக் காட்டினார். கரும்பச்சை. இரண்டே இரண்டு இருக்கை. கம்பிச் சில்லு. முன் கண்ணாடியை மடித்துப் படுக்க வைக்கலாம். அந்த அமைப்பில் இனிச் செய்வதில்லையாம், பிறந்ததிலிருந்து ஒரே கையாம். உடனே பிறந்த நேரம் கேட்டேன். துரை விழுந்து விழுந்து சிரித்து, "செவ்வாய்க்கிழமை, தேநீருக்குப் பிறகு" என்றார். சாத்திரியார் சாதகம் கணித்து, "செவ்வாய் தோஷம் இருக்கு. ஆனா இரும்புச் சாமானுக்கு அது நல்லது" என்றார். புஸ்பராணியின் குறிப்போடும் வைத்துப் பார்த்தார். மாப்பிள்ளையின் குறிப்பைவிடக் காரின் குறிப்புத்தான் கூடப் பொருந்தியது.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அது ஒரு குறையாகவே தெரியவில்லை, ஏனென்றால் இது நின்று விலை ஏறுகிற சாதி. உவர்மலை மேட்டில் இருப்பதால் துரை வீட்டிலிருந்து உருட்டிக்கொண்டே வந்துவிட்டோம். பூசைக்குச் சில்லின் கீழ் தேசிக்காய் வைத்து அயலார் எல்லாரும் தள்ளினார்கள். கார் தேசிக்காயில் பாதி ஏறித் திரும்பி உருண்டு வந்தது, அதனால் தேசிக்காயைக் குதிக்காலால் நானே நசித்தேன். அன்றிலிருந்து காலையில் குளித்து விபூதி பூசி, கொட்டிலுக்குப் போய், காருக்குள் ஏறியிருந்துதான் பேப்பர் வாசிக்கிறேன். துணியால் துடைக்கிறேன். "என்ர முகத்தை ஒருநாளாவது இப்பிடிப் பாத்திருப்பீங்களோ?" என்று கனகம்மா கேட்டாள். நான் மற்றப் பக்கச் சில்லைத் துடைக்கப் போய்விட்டேன், மச்சான்.

இனிப் பெண் பார்த்த அன்று நடந்ததைக் கேளுங்கள். அந்த அம்மா உங்களிடம் வேறு விதமாகச் சொல்லியிருப்பார். வீட்டுக்கு மாப்பிள்ளை பகுதி வருகிறதென்றால் எல்லாவற்றுக்கும் பூச்சுப் பூசுவதுதானே எங்கள் வழக்கம்? கடற்படை விட்டுப்போகும் சாம்பல் பெயின்ற் ஏலத்தில் போய், இப்போது ஊரில் கேற், கிணற்றுக்கட்டு, ஆட்டுக்கொட்டில் எல்லாமே போர்க்கப்பல் நிறம். கனகம்மாவும் ஒரு பீப்பா வாங்கி, பெயின்ற் அடிக்கிற முனாப்பைக் கூப்பிட்டு, "வளவுக்குள்ள இருக்கிற எல்லாத்துக்கும் அடிச்சு விடுங்கோ" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். நான் வாழைக்குலை வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கொட்டிலுக்குள் கப்பல் ஒன்று நிற்கிறது. பிறந்தபடியே இருக்கவேண்டிய என் கார்! முனாப் தூரிகையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறான். "ஐயா, கம்பி ஒவ்வொண்டுக்கும் தனித்தனியா அடிச்சிருக்கன். சும்மா வேலை செய்யல்ல." நான் வாழைக்குலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை பகுதி வாடகைக் காரில் வந்து இறங்கியது.

மாப்பிள்ளை சிவகுருநாதன், கந்தளாய்க் குளத்து வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியர், அமைதியான பிள்ளைதான். கதிரையில் இருந்து பயற்றம் பணியாரத்தைக் கையில் எடுத்தவர் சாளரத்தால் கொட்டிலைப் பார்த்தார். "ஐயோ, எம்.ஜி. அல்லோ! ஆர் அதுக்கு நேவிப் பெயின்ற் பூசினது?" என்று பணியாரத்தோடு எழும்பி ஓடினார். தேநீர்த் தட்டோடு வரவேண்டிய புஸ்பராணி குசினிக் கதவால் மண்ணெண்ணெய்ப் போத்தலோடும் பழைய துணியோடும் ஓடினாள். "காய முதல் துடைச்சால் கழண்டிடும்!" காஞ்சிபுரச் சேலை, மச்சான். பெரியவர்கள் நாங்கள் தட்டுகளை வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தோம். தேநீர் ஆறியது. வெளியே இரண்டு பேரும் தேய்க்கிற சத்தமும் சிரிக்கிற சத்தமும். சாம்பலுக்குள்ளிருந்து காரின் பச்சை மெல்ல மெல்ல வெளியே வந்தது. அந்த அம்மாவால் பொறுக்க முடியவில்லை. வாசலுக்குப் போய், "பொம்பிளை பாக்க வந்தவன் காருக்குக் கீழ கிடக்கிறான்! தம்பி, நீ பொம்பிளையின்ர முகத்தைப் பாத்தனியோ?" என்று கத்தினார். காருக்குப் பின்னாலிருந்து புஸ்பராணிதான் பதில் சொன்னாள். "பாத்தவர் மாமி. டோர்ச் அடிச்சுப் பாத்தவர்."

இப்படி ஒரு சம்பந்தம் கூடிவந்ததில் எனக்குக் கொள்ளை மகிழ்ச்சி. ஆனால் அந்தத் தம்பி காரைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். கந்தளாய்க் குளக்கட்டில் கல்லிலும் புழுதியிலும், யானை கடக்கிற றோட்டில், அளக்கிற தடியையும் சங்கிலியையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓடப்போகிற பார்வை அது. நாற்பது வருஷம் பொத்தி வைக்கவேண்டிய சாமானை ஓட்டுவதா? இது ஒரு பக்கம். மற்றப் பக்கத்தையும் உங்களுக்கு ஒளிக்கவில்லை. துறைமுகச் சங்கு என்னை வேலைக்குக் கூப்பிட இனி ஊதாது. காலையில் எழும்பினால் துடைக்க அந்தக் கார் இருக்கிறது, என் தலை நரைத்ததைப் பகிடி பண்ண இந்தப் பெண் இருக்கிறாள். இரண்டும் ஒரே நாளில் கேற்றைத் தாண்டிப் போனால் நான் யாரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன், மச்சான்? ஒன்றையாவது விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். பெண்ணை விடு என்று கேட்க எனக்கு நியாயம் இல்லை. ஆகவே காரை விடச் சொல்லுங்கள்.

அங்குள்ள பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், சிறியவர்களுக்கு எங்கள் ஆசி. நல்லூரான் உங்கள் முழங்காலையும் இந்தச் சம்பந்தத்தையும் ஒருசேரக் காக்கட்டும்.

இங்ஙனம்,
உங்கள் அன்பு மைத்துனன்,
க. சோமசேகரம்

பி.கு.: மேலே எழுதிய எல்லாவற்றையும் கிழித்துப் போடுங்கள். அந்த அம்மாவிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கையில் சிவகுருநாதன் கந்தளாயிலிருந்து பஸ்ஸில் ஒரு பற்றரியை மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். "சும்மா ஒருக்கா ஸ்ராட் பண்ணிப் பாப்பம் மாமா." கார் உறுமியது. எத்தனையோ மாதம் துடைத்தவன் அதன் குரலை இன்றுதான் கேட்டேன். புஸ்பராணி பக்கத்தில் ஏறிவிட்டாள். "கலியாணத்துக்கு முதல் தனிய விடேலாது" என்றாள் கனகம்மா. துணைக்கு யாரை ஏற்றுவது? இருக்கை இரண்டுதானே! ஆகவே முனாப்பைச் சைக்கிளில் பின்னால் போகச் சொன்னோம். கடற்கரை வீதியால் போய்க் கொஞ்ச நேரத்தில் முனாப் மட்டும் மூச்சிரைக்க வந்தான். "ஐயா, சைக்கிளால ஏலாது. சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டிச்சு." பிறகு அவர்கள் வந்தார்கள். ஓட்டி வந்தது புஸ்பராணி! பின்னல் குலைந்து, முகமெல்லாம் புழுதி, சின்ன வயதில் கடலில் குளித்துவிட்டு வருகிறவள் போல இருந்தாள். மட்கார்டில் புதுக் கீறல் என்று முனாப்தான் காட்டினான். நான் காரைப் பார்க்கவே இல்லை, அவளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கார்த் திறப்பை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். "ஓட்டித் திரியுங்கோ பிள்ளை. கந்தளாய் என்ன தூரமே, கிழமைக்கொருக்கா அப்பாவிட்டை ஓட்டிக்கொண்டு வாங்கோ" என்றேன். "ஓம் அப்பா" என்றாள். எனக்கு அது போதும். இப்போது கனகம்மா மகளோடு ஏறிப் போயிருக்கிறாள், அவள் சிரிப்பது இரண்டு வீதிக்கு அப்பால் கேட்கிறது. இதை இத்துடன் நிறுத்துகிறேன் மச்சான், வாசலில் ஹோர்ன் அடிக்கினம். அடுத்தது என்ர முறை.