எழுத்துச்சாமியும் கணவாய்க் கறியும்

முள்ளியவளைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிற சனத்தைவிட எழுத்துச்சாமிக்கு நிற்கிற சனம்தான் அதிகம். துணுக்காயிலிருந்து வந்தார்கள். அக்கராயனிலிருந்து ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக வந்தார்கள். எல்லோர் கையிலும் இணையப் பக்கத்தை அச்செடுத்த தாள். அதில் இருந்தது தமிழும் இல்லை, இங்கிலீசும் இல்லை. "tpz;zg;gk;" என்று கோழி கிளறியது போல ஏதோ இருந்தது. சில பழைய தமிழ் இணையத்தளங்களைப் போனில் திறந்தால் அப்படித்தான் தெரியும்.

சாமியின் சொந்தப் பெயர் நல்லதம்பி. போன வருஷம் வரை கோழித்தீன் விற்றவர். ஒரு நாள் தன் போனில் அப்படியொரு பக்கத்தைக் கண்டதும், "இது தேவலிபி, எனக்கு மட்டும் விளங்குது" என்று அறிவித்துவிட்டார். சனம் ஏன் நம்பியது என்று கேட்கிறீர்களா? காணி மூலையில் மந்திரித்துப் புதைக்கிற செப்புத்தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது வாசித்ததுண்டா? விளங்காவிட்டால் சக்தி உண்டு. இங்கேயும் அதே நியாயம்தான். தாள் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் தட்சணை. பூசைக்கு வேண்டிய எலுமிச்சையையும், அதாவது தேசிக்காயையும், சாமியிடம்தான் வாங்க வேண்டும்.

விமலேஸ்வரியும் நம்பினாள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள், பத்து வருஷமாகத் தகரக் கொட்டில். ஒரு தொண்டு நிறுவனம் கல்வீடு கட்டிக் கொடுக்க ஆட்களைப் பதிந்து விண்ணப்பப் படிவம் கொடுத்தது. அறிவித்தல் இணையத்தளத்தில் வரும் என்றார்கள். கோழி கிளறிய எழுத்தில் வந்தது. திங்கட்கிழமை அதைச் சாமியிடம் கொண்டுபோனாள்.

சாமி தாளின்மேல் தேசிக்காயை உருட்டினார். "பிள்ளை, உன்ரை காணியிலை ஒரு கோபம் கிடக்குது. இருபத்தொரு நாளைக்கு கந்தோர், ஆபீஸ் எண்டு ஒரு படியும் மிதிக்கக்கூடாது. வெள்ளிக்கு வெள்ளி புதுத்தாள் கொண்டு வா. ஆறின எழுத்துப் பேசாது."

எழுத்தும் புட்டு மாதிரிச் சூடாக இருக்க வேண்டுமாம்! வெள்ளிக்கிழமை காலை அவள் புதுத்தாள் எடுக்க ஷமீலாவின் போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனாள். ஷமீலா கணினித் திரையைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

"அக்கா, இதைத் தேவரும் எழுதேல்லை, அசுரரும் எழுதேல்லை. இது பழைய எழுத்துரு. அது இல்லாத போனிலை இப்பிடித்தான் தெரியும். மாத்திக் காட்டட்டோ?"

"ஐயோ வேண்டாம் தங்கச்சி! மாத்தினால் கண் போகுமெண்டு சாமி சொன்னவர்."

"சரி, உங்கட தாளைத் தொடேல்லை. நான் வேறை ஒண்டு எழுதித் தாறன். என்ன எழுதினதெண்டு உங்களுக்குத் தெரியும். சாமி அதைச் சரியா வாசிச்சால் நானும் நம்புறன்."

விமலேஸ்வரி யோசித்தாள். நாலு நாளாக அவள் பயந்தாளே தவிர யோசிக்கவில்லை.

"பிழையா வாசிச்சால் என்ரையை மாத்து," என்றாள்.

ஷமீலா தன் உம்மாவின் கணவாய்மீன் கறிச் செய்முறையைப் பழைய எழுத்துருவில் அடித்தாள். பிறகு எழுத்துருவை மாற்றினாள். கறி தேவலிபி ஆயிற்று. தாளையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு இருவரும் சாமியிடம் போனார்கள்.

சாமி கண்ணை மூடினார். உடம்பு நடுங்கியது. "ஏழு தலைமுறைக்கு முந்தின மூதாதை ஒருத்தர் பேசுறார்! தன்னை மறந்திட்டியளெண்டு அழுறார்! நாற்பது நாளைக்கு வீட்டிலை கடல் சாமான் சமைக்கக்கூடாதாம்!"

சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. விமலேஸ்வரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே, கணினியைத் திற என்று ஷமீலாவுக்குக் கண்ணைக் காட்டினாள்.

ஷமீலா கணினியைத் திறந்து, எல்லோரும் பார்க்க அதே எழுத்தைத் தமிழாக்கினாள். வரிசையில் முன்னால் நின்ற மீனவர் மரியநேசன் உரக்க வாசித்தார். "கணவாயை மை போகக் கழுவவும். மிளகாய்த்தூள் இரண்டு கரண்டி, தேங்காய்ப்பால்... சாமி, உங்கட மூதாதை கடல் சாமான் வேண்டாமெண்டிட்டுக் கணவாய்க் கறியல்லோ காய்ச்சுறார்!"

"அது மறைபொருள்," என்றார் சாமி.

"மறைபொருளுக்கு மிளகாய்த்தூள் ஏன்?" என்றார் மரியநேசன்.

சாமி தட்சணைத் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்பக்கத்தால் நழுவினார்.

"தங்கச்சி, இப்ப என்ரையை மாத்து," என்றாள் விமலேஸ்வரி. கண் போகவில்லை. நன்றாகவே தெரிந்தது: விண்ணப்பங்களை இவ்வெள்ளி பிற்பகல் நான்கு மணிக்கு முன் நேரில் ஒப்படைக்கவும். பிந்தியவை ஏற்கப்படமாட்டா.

மணி பதினொன்று. விண்ணப்பம் நிரப்பி அலுமாரிக்குள் கிடந்தது. அதில் கிராம சேவகரின் கையெழுத்து இல்லை. அவள் ஓடினாள். கையெழுத்து வாங்கி, பஸ் பிடித்து, நான்குக்குப் பத்து நிமிஷம் இருக்க முல்லைத்தீவில் அந்த நிறுவனத்தின் கந்தோரில் விண்ணப்பத்தைக் கொடுத்தாள். வாங்கியவர் முத்திரை குத்தியபோது வாய்விட்டு அழுதாள்.

அதே அறிவித்தலோடு சாமியிடம் போன இன்னும் ஏழு குடும்பம் அவர் சொல்லுக்குப் பயந்து வீட்டுப் படலையைத் தாண்டாமல் கிடந்தது. மரியநேசன் அதற்கிடையில் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். நாலு குடும்பம் நான்கு மணிக்குள் பாய்ந்து வந்து கொடுத்தது. மூன்று குடும்பம், "இருபத்தொரு நாள் முடியட்டும்" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது.

விமலேஸ்வரியின் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியாயிற்று. அந்த மூன்று குடும்பமும் இந்த மாரிக்கும் தகரத்தின் கீழ் சட்டி வைத்து ஒழுக்கு ஏந்துகிறது. ஐயா, அம்மா, விளங்காததைக் கண்டவுடன் கும்பிடத் தூக்குகிற கையால் முதலில் தலையைச் சொறிந்து பாருங்கள். உள்ளே ஏதாவது இருந்தால் யோசிக்கும்.