பாவெல் சாரின் பின்பாக்கெட்

நாலு பேர் முன்னால் அடி வாங்கியவன் அதைத் தானே எழுதிவிடுவது நல்லது. மற்றவர்கள் சொன்னால் அடி வளர்ந்துகொண்டே போகும். சமீபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் என் மைத்துனன் விவரித்ததைக் கேட்டேன். திருவள்ளூர் ஊரே திரண்டு வந்து என்னைப் புரட்டி எடுத்ததாம். உண்மையில் விழுந்தது ஒரே அறை. (அதுவும் முழுசாக விழவில்லை. பாதி கன்னத்தில், மீதி காதில்.) ஆகவே பதிவுக்காக நானே சொல்லிவிடுகிறேன். ஒரு தை அமாவாசையன்று, பட்டப்பகலில், கோயில் குளத்துப் படிக்கட்டில், ஒரு வெள்ளைக்காரரின் பர்ஸோடு நான் பிடிபட்டேன். பர்ஸ் என் கையில்தான் இருந்தது. அவர் பாக்கெட்டிலிருந்து அதை உருவியவனும் நான்தான். ஆனாலும் நான் ஜேப்படிக்காரன் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நம்பிய ஆள் ஒருவரையும் இதுவரை நான் சந்திக்கவில்லை.

எழுபதுகளின் பின்பாதி அது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் முள்காட்டை வெட்டிவிட்டுத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றில் நான் நிர்வாகப் பிரிவு உதவியாளன். வெளியூர்க்காரன், அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமானதும் பெண் தருகிறோம் என்று ஒரு குடும்பம் காத்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த சூட்டிலேயே ஆலையின் நிலையாணைகளைப் பாராயணம் செய்துவிட்டேன். எந்தக் குற்றத்துக்கு எந்தக் கடிதம், எத்தனை நகல், யாருக்கு அனுப்ப வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (யாரும் எழுப்பிக் கேட்டதில்லை.)

அப்போது ஒரு பெரிய இயந்திரத்தைப் பொருத்திக் கொடுக்க, செக்கோஸ்லோவாகியாவிலிருந்து பாவெல் என்ற பொறியாளர் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், சிவந்த கழுத்து, குழந்தைச் சிரிப்பு. நம்மைப் போலவே அவருக்கும் ஆங்கிலம் இரவல். அதிலும் கொஞ்சமாகத்தான் இரவல் வாங்கியிருந்தார். அவருக்கு முன்னால் வந்த வேறொரு நாட்டுக்காரர் மெட்ராஸ் கடைத்தெருவில் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்திருந்தார். அவரை ஊருக்கு அனுப்பிவைப்பதற்குள் எங்கள் மேனேஜர் படியேறாத அலுவலகம் இல்லை. அந்தச் சூடு ஆறாத மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"பாவெல் எங்க போனாலும் நீரும் கூடப் போறீர். அந்த மனுஷன்கிட்டேர்ந்து ஒரு குண்டூசி காணாமப் போனாலும் உம்ம கன்ஃபர்மேஷன் அம்பேல். புரிஞ்சுதா?"

புரிந்தது. அன்றே உட்கார்ந்து, வெளிநாட்டு விருந்தினர் உடைமைப் பாதுகாப்புக்கென்று ஒரு நடைமுறைக் குறிப்பைத் தட்டச்சு செய்தேன்.

பாவெலின் பலவீனம் அவருடைய பின்பாக்கெட். செங்கல் கனத்தில் ஒரு தோல் பர்ஸ் வைத்திருந்தார். காசு, பாஸ்போர்ட், மனைவியின் படம் என்று அவருடைய குடும்பமும் தேசமும் அதற்குள் அடங்கியிருந்தன. அது பின்பாக்கெட்டிலிருந்து பாதி வெளியே தலையை நீட்டி ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். முன்பக்கம் வைத்துக்கொள்ளும்படி சைகையால் கெஞ்சினேன். "நோ பிராப்ளம்" என்று பின்னால் தட்டிக் காட்டினார். பாக்கெட்டின் வாயைப் பூட்டிக்கொள்ள ஓர் ஊக்கு கொடுத்தேன். அதை அன்பளிப்பு என்று எண்ணி நெஞ்சில் குத்திக்கொண்டு, எனக்கு சல்யூட் அடித்தார்.

வேறு வழியின்றி வகுப்பு எடுத்தேன். "திருடன் என்றால் லுங்கியும் மருவுமாக வரமாட்டான்" என்பதை விளக்க, கரும்பலகையில் ஒரு படமே போட்டேன். படிய வாரிய தலை, முழுக்கால் சட்டை, பையில் பேனா. "திஃப், லைக் ஜென்டில்மேன். ஸ்பீக் இங்கிலீஷ். ஆல்வேஸ் ஹெல்ப், ஹெல்ப்" என்றேன். பாவெல் படத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அப்போது அதில் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ஆலை கேன்டீன் சாம்பார் பாவெலின் வயிற்றைப் புரட்டிப் போட்டிருந்தது. திருவள்ளூர் பெருமாள் வயிற்றுவலியைத் தீர்ப்பவர், குளத்தில் வெல்லம் கரைத்தால் போதும் என்று அவரிடம் சொன்னதும் அதே கேன்டீன்காரர்தான். (சாம்பாரை மாற்றுவதைவிட இது அவருக்குச் சுலபம்.) போயே தீருவேன் என்று பாவெல் ஒற்றைக் காலில் நின்றார். அதுவும் தை அமாவாசையன்று, லட்சோபலட்சம் சனம் கூடுகிற நாளில்.

என் குறிப்பின்படி, துணைக்குப் போகிறவர் விலையுள்ள எதையும் எடுத்துச் செல்லக் கூடாது. அதனால் என் கைக்கடிகாரம், காசு, ஆலை அடையாள அட்டை எல்லாவற்றையும் மேசை இழுப்பறையில் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். வண்டியோட்டி கவரைப்பேட்டைக் கோதண்டம். நான் வழிநெடுகப் பின்பாக்கெட்டையே பார்த்துக்கொண்டு வருவதைக் கண்ணாடியில் கவனித்தவர், பெரியபாளையம் தாண்டியதும் கேட்டார்.

"இன்னா சார், அந்தாளு பின்னாடியே கண்ணு வச்சிக்கினு வரே? எதுனா கட்டி கிட்டி வந்துகீதா அவருக்கு?"

"பர்ஸ், கோதண்டம். பர்ஸைப் பார்க்கிறேன்."

"அத்த பாக்கறதுக்கு இவ்ளோ பேஜாரா? நீயே புடுங்கி வச்சிக்க."

திருவள்ளூர் போய்ச் சேர்ந்தோம். வண்டியை விட்டு நகரக் கூடாது என்று கோதண்டத்துக்கு உத்தரவு போட்டுவிட்டு (அதுவும் குறிப்பில் உண்டு) கூட்டத்துக்குள் இறங்கினோம். உப்பு மிளகுப் பொட்டலமும் வெல்லமும் விற்கிற கூச்சல், ஈரத்துணி வாசனை, பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. எல்லாவற்றுக்கும் மேலே ஒலிபெருக்கி.

"பக்தகோடிகளே! ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை! உங்கள் உடைமைகளை நீங்களே பாதுகாத்துக்கொள்ளுங்கள்!"

அதைக் கேட்டதும் கூட்டம் மொத்தமும் தன் தன் மடியையும் பையையும் தொட்டுப் பார்த்துக்கொண்டது. தமிழ் தெரியாத பாவெல் மட்டும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சார்பில் தொட்டுப் பார்ப்பது என் கடமையாயிற்று. ஒலிபெருக்கி கத்தும்போதெல்லாம் நான் கையை நீட்டி அவர் பின்பாக்கெட்டை மெல்லத் தடவி, பர்ஸ் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டேன். அந்த ஒலிபெருக்கிக்காரர் அன்று என்ன சாப்பிட்டுவிட்டு வந்தாரோ, மூச்சு விடாமல் கத்தினார். நானும் சளைக்கவில்லை.

குளக்கரையில் பாவெல் வெல்லத்தை இரண்டு கையிலும் ஏந்திக் கடைசிப் படியில் குனிந்தார். பர்ஸ் முக்கால்வாசி மேலே எழும்பி வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் குனிந்தால் குளத்தில் விழும். பக்கத்தில் துண்டை மடித்துக் கையில் போட்டிருந்த ஒருவன் அதையே வெறித்துக்கொண்டிருந்தான். என் நிரந்தர வேலையும் கல்யாணமும் அந்தப் பாக்கெட்டின் விளிம்பில் தொங்குவது எனக்குத் தெரிந்தது. கோதண்டத்தின் யோசனை நினைவுக்கு வந்தது. இரண்டு விரலால் பிடித்து ஓர் இழுப்பு. பர்ஸ் வந்துவிட்டது.

அந்தக் கணத்தில் என் மணிக்கட்டை இரும்புப் பிடியாக ஒரு கை பற்றியது.

"தொங்கா! தொங்கா! புட்சிட்டேன்!"

நடுத்தர வயது அம்மாள் ஒருவர். ஈரப்புடவை, நெற்றி நிறைய நாமம், குரலோ ஒலிபெருக்கிக்குப் போட்டி. 'தொங்கா' என்றால் தெலுங்கில் திருடன் என்பது எனக்குத் தெரியும். அந்த அம்மாள் சொன்னது என்னைத்தான் என்பது மண்டையில் ஏறுவதற்குள் அறை விழுந்துவிட்டது. துண்டு மடித்துப் போட்டிருந்தவன்தான் அடித்தான். (பிற்பாடு யோசித்ததில், தொழில் போட்டியாகவும் இருந்திருக்கலாம்.)

காதில் ஙொய்யென்று ஒரு சத்தம். என்னைச் சுற்றி அத்தனை முகங்கள், அத்தனையிலும் ஒரே தீர்ப்பு. ஒருவழியாகக் குரல் கிளம்பியபோது நான் சொன்னது இதுதான்: "அவர் பர்ஸை யாரும் திருடக் கூடாதேன்னுதான் எடுத்தேன்!"

கூட்டம் சிரித்தது.

"ஐயே, எத்தினி நல்ல மன்சு பாரு!" என்றார் ஒருவர். "என் பர்ஸையும் கொஞ்சம் எடுத்து வச்சிக்கப்பா!" என்றார் இன்னொருவர்.

கூட்டத்துக்காகப் போட்டிருந்த போலீஸ் பந்தலுக்கு என்னைக் கொண்டுபோனார்கள். பாவெல் வெளிறிப்போய்ப் பின்னாலேயே வந்தார். கனத்த மீசை ஏட்டு ஒருவர் மேசைக்குப் பின்னால் மோர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பிடித்த அம்மாள் ஆந்திர எல்லையோர எளாவூர்க்காரர். சாட்சியம் சொல்ல யாரும் அவரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நா அப்பமே புட்சி பாத்துக்கினே வரேன் நைனா. இந்தாளு அந்த வெள்ளக்காரரு பின்னாடியே வரான். தடவுறான். கொஞ்ச தூரம் போறான். மறுபடி தடவுறான். மைக்குல திருடன் ஜாக்கிரதைன்னு சொல்லச் சொல்லத் தடவுறான்! இன்னா தெகிரியம்!"

ஏட்டு பாவெலிடம் பர்ஸைக் காட்டினார். "யுவர்ஸ்?"

"மைன்" என்றார் பாவெல்.

"இந்த ஆள்? யூ நோ?"

பாவெல் என்னைப் பார்த்தார். என் உயிர் அவர் நாக்கில் இருந்தது. பொறியாளர் அல்லவா, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார்: "யெஸ். ஆபீஸ். ஹி… ஆல் டே… ஹியர்." பின்பக்கம் தட்டிக் காட்டினார். "கார், ஆல்சோ." பிறகு என் படிய வாரிய தலையையும் சட்டைப்பையில் இருந்த பேனாவையும் துயரத்தோடு சுட்டிக்காட்டினார். "ஹி டெல் மீ. திஃப், லைக் ஜென்டில்மேன்."

என் வகுப்பில் பாடத்தை ஒழுங்காகக் கவனித்த ஒரே மாணவர் அவர்தான்.

ஏட்டு என் பையைச் சோதித்தார். காசில்லை. அட்டையில்லை. பேனாவைத் தவிர ஒன்றுமே இல்லை. "திருவிழாவுக்கு வெறுங்கையோட வந்துகீறே. போறப்போ மட்டும் நெறஞ்சி போலாம்னா?" என்றார். ஆலைக்குத் தொலைபேசி போட்டுக் கேட்கச் சொன்னேன். விடுமுறை, மணியடித்துக்கொண்டே இருந்தது. கோதண்டத்தை அழைத்து வந்தார்கள்.

"இவர் யாருன்னு தெரியுமா?"

"தெரியும் ஏட்டய்யா. எங்க ஆபீஸ் சார்தான். தங்கமான மனுசன்." நான் மூச்சு விட்டேன். கோதண்டம் நேர்மையானவர், அதனால் தொடர்ந்தார். "ஆனா காத்தாலேர்ந்து அந்தாளு பின்பாக்கெட்டு மேலயே கண்ணு. நானே கேட்டேன், இன்னா சார்னு."

கைதானால் உடனடித் தற்காலிக நீக்கம், பிறகு குற்றச்சாட்டுக் குறிப்பாணை, பிறகு விசாரணை. என்னை வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தின் வாசகம் முழுவதும் என் கண்முன் ஓடியது. நல்ல வாசகம், நானே திருத்தி அமைத்தது.

பதற்றத்தில் சிலர் அழுவார்கள், சிலர் மயங்கி விழுவார்கள். நான் சட்டம் பேசுவேன். "எந்தப் பிரிவில் வழக்குப் பதிகிறீர்கள்? சாட்சிகளிடம் தனித்தனியாக வாக்குமூலம் வாங்க வேண்டாமா?" என்று ஏட்டைக் கேட்டேன். அவர் மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மொத மொத மாட்டிக்கிறவன் கால்ல வுளுவான். செக்ஷன் பேசறவன் பளய கேடி" என்றார் பக்கத்தில் நின்ற காவலரிடம். "எந்த ஜெயில்ல படிச்சான்னு கேளு."

அப்புறம், "அந்த அய்யா பொருளை அவர்கிட்ட குடுத்துடு. புகார்ல கையெழுத்து மட்டும் வாங்கிக்க" என்று பர்ஸைக் காவலரிடம் நீட்டினார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏட்டய்யா, அது தப்பு! புகார் எழுதிட்டா இது வழக்குச் சொத்து. நீங்க பாட்டுக்குக் கையில குடுக்கக் கூடாது. கோர்ட்டில் ஒப்படைக்கணும், அவர் அங்க மனுப் போட்டுத்தான் வாங்கணும்!" என்று கத்தினேன்.

(தந்திரமாகத்தான் சொன்னேன் என்று பிற்காலத்தில் சொல்லிக்கொள்வதுண்டு. தந்திரமாவது, மண்ணாவது. தவறான நடைமுறையைப் பார்த்தால் என் வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான்.)

ஏட்டு யோசித்தார். பர்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சொல்றது கரெக்ட்டுதான். சார், பாஸ்போர்ட், கோர்ட். கேஸ் பினிஷ், தென் யூ டேக்."

"ஹவ் லாங்?" என்றார் பாவெல்.

ஏட்டு கோபுரத்தின் பக்கம் திரும்பிக் கை கூப்பினார்.

அந்த வாரக் கடைசியில் பாவெலுக்கு விமானம். கோபுரத்தைப் பார்த்தார், பர்ஸைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். அடுத்த நொடி அந்த ஆறடி உருவம் என் மேல் பாய்ந்து கட்டிக்கொண்டது. "நோ திஃப்! நோ திஃப்! ஃப்ரெண்ட்! வெரி குட் ஃப்ரெண்ட்!"

எளாவூர் அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார். ஏட்டு பர்ஸைப் பாவெலிடம் கொடுத்துவிட்டு என்னை அருகில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, நல்ல மனதோடுதான் சொன்னார்.

"அய்யா வேணாம்னுட்டாரு, பொழச்சிப் போ. இனிமே இந்தப் பக்கம் தொழிலுக்கு வராதே."

திரும்பும்போது பாவெல் முன்சீட்டில் கோதண்டத்தோடு உட்கார்ந்துகொண்டார். பின்சீட்டு முழுவதும் எனக்கு. "ஏதாவது தொலைஞ்சுதா?" என்று மேனேஜர் திங்கட்கிழமை கேட்டார். "ஒன்றும் தொலையவில்லை சார்" என்றேன். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாயிற்று. அதற்கு முன்பே, ஊருக்குக் கிளம்பிய நாளில் பாவெல் வலது கையால் என் கையை இறுகப் பற்றிக் குலுக்கினார். இடது கை பின்பாக்கெட்டின் மேல் இருந்தது.

என் கல்யாணத்துக்குக் கோதண்டத்தை அழைத்தது நான் செய்த இரண்டாவது பிழை. மூன்றாம் பந்திக்குள் பெண் வீட்டார் அனைவருக்கும் கதை தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும், கூட்டத்தில் நுழையும்போது என் மனைவி எல்லாரையும் எச்சரிப்பாள்: "பர்ஸைக் கெட்டியா பிடிச்சுக்குங்கோ, இவர் பின்னாடி வர்றார்." குழந்தைகள் வளர்ந்து, அவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள்.

பெண்ணுக்குக் கல்யாணமாகி மாப்பிள்ளையோடு முதல்முறை சென்ட்ரலில் ரயிலேறினோம். மனைவி வழக்கம்போல் எச்சரித்தாள். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். அவர் பின்பாக்கெட்டில் பர்ஸ் பாதி வெளியே நிற்பதைப் பார்த்தேன். சொல்லலாமா என்று நினைத்தேன். பிறகு இரண்டு கைகளையும் என் கால்சட்டைப் பைகளிலேயே வைத்துக்கொண்டு பேசாமல் நடந்தேன்.

வண்டி நகர்ந்ததும் மாப்பிள்ளை எழுந்து நின்று பின்னால் தடவிப் பார்த்தார். இன்னொரு பக்கமும் தடவிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

அந்தப் பெட்டியில் இருந்த என் குடும்பம் மொத்தமும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தது.